பாகு பூசிய கெண்டை மீன்: அரை மணி நேரத்தில் இரவுச் சமையல்

அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் ஆவடி, பாடி பகுதித் தொழிற்சாலைகளிலும் வேலை முடித்து வீடு திரும்பும் பெண்களுக்கு மாலை ஏழு மணி ஆகிவிடுகிறது. எட்டரை மணிக்குள் பிள்ளைகள் சாப்பிட்டாக வேண்டும். மீன் வாங்கி, செதில் நீக்கி, மசாலா அரைத்து, குழம்பு கொதிக்கவைப்பதற்கு அந்த ஒன்றரை மணி நேரம் போதாது. ஆகவே மீன் என்பது ஞாயிற்றுக்கிழமைப் பண்டமாகிவிட்டது. இன்னொரு பக்கம், பூந்தமல்லி, திருவள்ளூர் வட்டாரங்களில் பண்ணைக் குட்டையிலும் ஏரிக் குத்தகையிலும் கெண்டை மீன் வளர்க்கும் உழவர்கள், "எடை போட்டுக் கொடுத்தாலும் வாங்குவோர் முகம் சுளிக்கிறார்கள்" என்று குறைப்படுகிறார்கள். காரணம் கேட்டால் வருகின்ற பதில் இரண்டே: மண் வாடை அடிக்கிறது, முள் தொல்லை.

இவ்விரண்டு குறைகளும் நீங்கினால் வாங்குவோருக்கு நடுவாரத்திலும் மீன் கிடைக்கும். வளர்ப்போருக்கு விலையும் கிடைக்கும். வெல்லமும் புளியும் சேர்ந்த பாகைப் பூசி, தோசைக்கல்லில் வாட்டி எடுக்கும் ஒரு முறை இதற்கு நன்கு பொருந்துகிறது. உழவர் பெருமக்களும் அவர்தம் இல்லத்தரசியரும் ஒருமுறை செய்து பார்க்க வேண்டுகிறோம்.

பெரிய கடைகளின் குளிர்பெட்டியில் நார்வே நாட்டிலிருந்து வரும் சால்மன் மீன் துண்டுகளைப் பார்த்திருப்பீர்கள். தேனும் சோயா சாறும் கலந்து அதன்மேல் பூசி, பளபளவென்று சுட்டு எடுப்பது மேல்நாடுகளில் வாரநாள் இரவுச் சமையலாகப் பரவியுள்ளது. ஜப்பானியர் இதே போன்ற முறையை 'டெரியாகி' என்பார்கள். 'டெரி' என்றால் அவர்கள் மொழியில் பளபளப்பு. முறை நல்லதுதான். ஆனால் அந்த மீன் குளிர்ந்த நீரில் வளர்வது. நமது கடலிலோ ஏரியிலோ கிடைப்பதன்று. இங்கே 'இந்தியன் சால்மன்' என்று சொல்லி விற்கப்படுவது நமது காலா மீன். சுவையான மீன்தான்; ஆனாலும் சால்மனுக்கும் அதற்கும் உறவு ஏதும் இல்லை. பெயருக்காக அதிக விலை கொடுக்க வேண்டியதில்லை.

எந்த மீனை எடுத்துக்கொள்வது?

கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய மூன்று பெருங்கெண்டைகளே நமது நன்னீர் மீன் வளர்ப்பின் அடிப்படை. 1957-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் நாள் ஒடிசாவில் ஹீராலால் சௌத்ரி என்னும் விஞ்ஞானி, கபச் சுரப்பியின் சாற்றை ஊசி மூலம் செலுத்திக் கெண்டை மீன்களை முட்டையிடச் செய்து காட்டினார். அதுவரை வெள்ளக் காலத்தில் ஆற்றில் குஞ்சு பிடித்து வந்து விட்டுக்கொண்டிருந்த மீன் வளர்ப்பு, அதன் பிறகுதான் குஞ்சுப் பண்ணைகளை நம்பி வளர்ந்தது. ஜூலை 10 இன்று மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடப்படுவதற்கும் இதுவே காரணம்.

பாகுப் பூச்சுக்கு இம்மூன்றில் கட்லாவும் ரோகுவும் சிறந்தவை. ஒன்றரைக் கிலோவுக்குக் குறையாத மீனாக எடுங்கள். சிறிய மீனில் முள் மயிரிழை போல இருந்து தொண்டையில் சிக்கும். பெரிய மீனில் முள் கண்ணுக்குத் தெரியும்; எடுத்துப் போடலாம். ஜிலேபிக் கெண்டையும் இதற்கு ஒத்துவரும். அதன் சதைக்குள் சிறு முட்கள் கிடையா. குழந்தைகள் உள்ள வீட்டில் அதையே தொடங்குவது நல்லது. விரால் கிடைத்தால் இன்னும் மேல், விலைதான் தடை. கொடுவா மீனும் மிக நன்றாக இருக்கும். சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் 1997-இல் கொடுவாவைச் செயற்கை முறையில் குஞ்சு பொரிக்கச் செய்ததிலிருந்து, அதுவும் பண்ணை மீனாகிவிட்டது.

ஆப்பிரிக்கக் கெளுத்தியை மட்டும் வாங்க வேண்டா, வளர்க்கவும் வேண்டா. அதன் வளர்ப்பு தடை செய்யப்பட்ட ஒன்று. அழுகிய இறைச்சிக் கழிவைப் போட்டு வளர்க்கப்படும் அம்மீன் குட்டையிலிருந்து தப்பி ஏரிக்குள் நுழைந்தால், உள்ளூர் மீன்களைத் தின்று தீர்த்துவிடும்.

வாங்கும் இடமும் முக்கியம். செம்பரம்பாக்கம் ஏரி மீன் என்று பூந்தமல்லிப் பக்கம் சாலையோரத்தில் விற்பது நாம் அறிந்ததே. வானகரம் மீன் சந்தைக்கு ஆந்திராவின் கொல்லேறுப் பக்கத்திலிருந்து பனிக்கட்டியிட்ட கெண்டை லாரி லாரியாக வருகிறது. இவற்றில் புதியதாகப் பார்த்து வாங்கலாம். ஆனால் 'இந்த ஏரியில் இன்று காலை பிடித்தது' என்ற சொல்லை மட்டும் நம்பி, எந்த ஏரி என்று கேளாமல் வாங்கக் கூடாது. கொரட்டூர் ஏரியில் சாக்கடை நீரும் ஆலைக் கழிவும் கலப்பது பற்றிய வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது இப்பகுதி மக்களுக்குத் தெரியும். கிருமி, கொதிக்கவைத்தால் சாகும். ஈயம், பாதரசம் போன்ற உலோகங்கள் எவ்வளவு வேகவைத்தாலும் போகா. புளியிலும் மஞ்சளிலும் போகா. கழிவு கலக்கும் நீர்நிலையின் மீனை விலை மலிவு என்று வாங்குவதைவிட, அன்றைக்குப் பருப்புக் குழம்போடு நிறுத்திக்கொள்வது மேல்.

புதிய மீனின் கண் பிதுங்கித் தெளிவாக இருக்கும். செவுள் செந்நிறமாக இருக்கும். விரலால் அழுத்தினால் பள்ளம் உடனே மேலெழும்பும். செவுளில் சிவப்புச் சாயம் தடவியிருக்குமோ என்ற ஐயம் எழுந்தால், வெள்ளைத் தாளால் ஒற்றிப் பாருங்கள்.

மண் வாடை எங்கிருந்து வருகிறது?

சேற்றை மீன் தின்பதால் வாடை வருகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். அது முழு உண்மையன்று. நீரில் வளரும் நீலப்பச்சைப் பாசிகளும், சேற்றில் வாழும் ஆக்டினோமைசீட்ஸ் என்ற நுண்ணுயிர்களும் 'ஜியோஸ்மின்' என்ற ஒரு பொருளை உண்டாக்குகின்றன. முதல் மழை விழுந்ததும் நிலத்திலிருந்து எழுகிறதே ஒரு மணம், அதுவும் இதே பொருளின் மணம்தான். மண்ணில் வந்தால் இனிக்கிறது, மீனில் வந்தால் கசக்கிறது! மீனின் செவுள் வழியாக இது உள்ளே சென்று கொழுப்பில் தங்கிவிடுகிறது. கோடையில் ஏரியின் நீர்மட்டம் இறங்கி, நீர் பச்சையாகும்போது வாடை கூடுவதன் காரணம் இதுவே.

நல்ல செய்தி என்னவென்றால், ஜியோஸ்மின் புளிப்பில் சிதைகிறது. நம் பாட்டிமார்கள் ஏரி மீனைப் புளித்தண்ணீரிலும் மோரிலும் கழுவியது வெறும் பழக்கமன்று. அதே பயனைப் பாகில் சேரும் புளியும் தருகிறது. வெல்லத்தைத் தேனாகவோ சர்க்கரையாகவோ மாற்றினாலும் மாற்றலாம். புளியை மட்டும் விட்டுவிடக் கூடாது.

இங்கே மீன் வளர்க்கும் உழவர்களுக்கு ஒரு வார்த்தை. வாடையைச் சமையலறையில் போக்குவதைவிடக் குட்டையில் போக்குவது சுலபம். அறுவடைக்கு முன்பாகச் சாணமிடுவதை நிறுத்துங்கள். நீர் பச்சைப் பசேலென்று இருந்தால் ஒரு பகுதியை வெளியேற்றிப் புதுநீர் பாய்ச்சுங்கள். பிடித்த மீன்களைத் தெளிந்த நீருள்ள தொட்டியிலோ, நீரோட்டமுள்ள இடத்தில் கட்டிய வலைப்பெட்டியிலோ சில நாட்கள் இரை போடாமல் விட்டால், வாடை பெரும்பாலும் கழிந்துவிடும். எடை சற்றுக் குறையும் என்பது உண்மை. ஆனால் மீண்டும் வந்து வாங்கும் வாடிக்கையாளர் அந்த எடைக்குமேல் மதிப்புடையவர்.

வாடை இருக்கிறதா என்று முன்கூட்டியே அறிய ஓர் எளிய சோதனை உண்டு. வலை போடுவதற்கு ஒரு வாரம் முன்பு ஒரே ஒரு மீனைப் பிடியுங்கள். வால் பக்கத்தில் ஒரு துண்டை வெட்டி, உப்பு, மஞ்சள், காரம் எதுவும் சேர்க்காமல் மூடிய பாத்திரத்தில் ஆவியில் வேகவையுங்கள். மூடியைத் திறந்தவுடன் முகர்ந்து பாருங்கள். பிறகு தின்று பாருங்கள். புகை பிடிப்பவரிடமோ வெற்றிலை போடுபவரிடமோ இந்தச் சோதனையை ஒப்படைக்க வேண்டா. பத்து வயதுப் பிள்ளையின் மூக்கு இதற்கு மிக நம்பகமானது. வாடை தெரிந்தால் அறுவடையைத் தள்ளிப் போடுங்கள்.

அறுவடைக் காலத்தைப் பற்றியும் சொல்லிவிடலாம். கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை உள்ளது. அந்நாட்களில் காசிமேட்டுக்குக் கடல் மீன் வரத்துக் குறைந்து, வஞ்சிரம், சங்கரா விலை ஏறிவிடும். அப்போது வாடையில்லாத ரோகு கைவசம் இருந்தால் நல்ல விலைக்குப் போகும். தொல்லை என்னவென்றால், பாசி மிகுந்து வாடை கூடுவதும் அதே கோடையில்தான். ஆகவே தெளிந்த நீரில் விட்டு வைக்கும் வேலையைத் தடைக்காலத்தில் தவறவே விடக் கூடாது.

முள்ளுக்கு என்ன வழி?

கெண்டையின் முதுகுச் சதையில் இரண்டாகக் கிளை பிரிந்த மெல்லிய முட்கள் சதைக்கு நடுவில் தனித்து நிற்கின்றன. நடுமுள்ளோடு ஒட்டாதவை என்பதால், நடுமுள்ளை எடுத்தாலும் இவை வருவதில்லை. வயிற்றுப் பக்கத் துண்டில் விலா முள் மட்டுமே உண்டு. குழந்தைகளுக்கு அதைக் கொடுங்கள்.

மற்றத் துண்டுகளுக்கு இப்படிச் செய்யலாம். மீன் விற்பவரிடம் சொல்லி, நடுமுள்ளின் இருபுறமும் சதையைத் தோலோடு சீவி வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் தோல் கீழே இருக்கும்படி பலகையில் வைத்து, கூரிய கத்தியால் சதையைக் குறுக்கே, நெருக்க நெருக்கமாக, 3 மில்லிமீட்டருக்கு ஒரு கீறல் வீதம் கீறுங்கள். கீறல் தோல் வரை இறங்க வேண்டும். தோல் அறுபடக் கூடாது. கத்தி முள்ளை அறுக்கும்போது 'நறநற'வென்று ஓசை கேட்கும். அந்த ஓசை கேட்டால் வேலை சரியாக நடக்கிறது என்று பொருள். இவ்வாறு நறுக்கப்பட்ட முள் துணுக்குகள் சூடான எண்ணெயில் மொறுமொறுப்பாகி, சதையோடு மென்று விழுங்கத்தக்கதாகிவிடுகின்றன. கீறல்களுக்குள் பாகு இறங்குவதும் ஒரு கூடுதல் ஆதாயம். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு மட்டும், எவ்வளவு கீறியிருந்தாலும், விரலால் உதிர்த்துப் பார்த்தே ஊட்டுங்கள்.

வட்டத் துண்டாகவே வாங்கினீர்கள் என்றால், அதன் தடிப்பு விரல் அளவைத் தாண்ட வேண்டா.

பித்தப்பை பற்றி ஓர் எச்சரிக்கை

முழு மீனாக வாங்கி வீட்டில் அறுப்பவர்கள், கல்லீரலோடு ஒட்டியிருக்கும் பச்சை நிறப் பித்தப்பையை உடையாமல் எடுத்து எறிந்துவிட வேண்டும். உடைந்தால் சதை கசக்கும் என்பது யாவரும் அறிந்ததே. ஆனால் பலர் அறியாதது வேறு. கண்ணுக்கு நல்லது, மூட்டு வலிக்கு நல்லது, சர்க்கரை நோய்க்கு நல்லது என்று நம்பி, ரோகு, புல்கெண்டை போன்ற மீன்களின் பித்தப்பையைப் பச்சையாக விழுங்குவோர் உண்டு. கெண்டை இனப் பித்தநீரில் உள்ள நச்சு சிறுநீரகத்தையும் கல்லீரலையும் தாக்குகிறது. விழுங்கிய சில மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டு, அடுத்த சில நாட்களில் சிறுநீர் பிரிவது நின்று, இரத்தச் சுத்திகரிப்புச் செய்ய நேர்ந்தவர்கள் நம் நாட்டு மருத்துவமனைகளில் பதிவாகியுள்ளனர். வேகவைத்தாலும் இந்த நச்சு அழியாது. யார் சொன்னாலும் விழுங்கக் கூடாது. யாராவது விழுங்கியிருந்தால் வாந்தி வரும்வரை காத்திராமல் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். என்ன விழுங்கினார் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

தேவையான பொருள்கள் (நால்வருக்கு)

கீறிய மீன் சதை – 600 கிராம்
வெல்லம் – 40 கிராம்
புளி – 20 கிராம் (சிறு எலுமிச்சை அளவு)
இஞ்சி – கட்டைவிரல் நுனி அளவு
பூண்டு – 6 பல்
மிளகு – 1 தேக்கரண்டி, கொரகொரப்பாகப் பொடித்தது
மிளகாய்த் தூள் – அரைத் தேக்கரண்டி
மஞ்சள் தூள் – கால் தேக்கரண்டி
நல்லெண்ணெய் – 3 மேசைக்கரண்டி
உப்பு – தேவையான அளவு
கறிவேப்பிலை – 1 கொத்து

வெல்லம் எதுவாயினும் சரி. திருவாலங்காட்டுப் பக்கம் கரும்பு பயிரிடும் உழவர்கள் வீட்டில் காய்ச்சிய வெல்லம் வைத்திருந்தால் அதுவே போதும். மிக வெளுத்த, மஞ்சள் நிற வெல்லத்தைத் தேடிப் போக வேண்டா. பெரும்பாலும் அது மருந்து போட்டு வெளுக்கப்பட்டது. பனை வெல்லம் போட்டால் பாகு கருத்துவிடும். ஆனால் மணம் கூடும். எனக்கு அதுவே பிடிக்கும்.

செய்முறை

காலையிலேயே புளியை ஊறவைத்துவிட்டுப் போனால் மாலையில் ஐந்து நிமிடம் மிச்சம். மீனைக் காலையில் வாங்கியிருந்தால், கழுவிக் கீறி, மூடிய பாத்திரத்தில் குளிர்பெட்டியின் மேல்தட்டில் வையுங்கள். குளிர்பெட்டி இல்லாதவர்கள் மாலையில் வரும் வழியில் வாங்குவதே முறை. காலையில் வாங்கிய மீனை உப்பும் மஞ்சளும் தடவி மாலை வரை வெளியில் வைப்பது சென்னை வெயிலில் ஆபத்து.

மாலை வந்தவுடன் அரிசியை அடுப்பில் ஏற்றுங்கள். மீனை ஒருமுறை புளித்தண்ணீரிலோ புளித்த மோரிலோ அலசுங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் ஊற வேண்டா. புளிப்பில் நெடுநேரம் கிடந்த சதை சுண்ணாம்புபோல் வெளுத்து உதிரும். நல்ல தண்ணீரில் மறுபடி அலசி, உப்பும் மஞ்சளும் தடவிப் பதினைந்து நிமிடம் வையுங்கள். பிறகு சுத்தமான துணியால் இருபுறமும் ஒற்றி எடுங்கள். இந்த ஒற்றுதலைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஈரமான மீன் கல்லில் முதலில் அவிகிறது. அதன் பிறகே வறுபடத் தொடங்குகிறது. அதற்குள் உள்சதை வறண்டுவிடும், தோல் கல்லோடு ஒட்டிக்கொள்ளும்.

மீன் உப்பில் இருக்கும்போது பாகைத் தயாரித்துவிடலாம். புளியைக் கரைத்து வடிகட்டி 100 மி.லி. சாறு எடுங்கள். வெல்லத்தைத் தட்டி அதில் கரைத்து மறுபடி வடிகட்டுங்கள்; வெல்லத்தில் மணல் இல்லாமல் இருப்பது அரிது. எவர்சில்வர் பாத்திரத்தில் ஊற்றி, நசுக்கிய இஞ்சி, பூண்டு, மிளகாய்த் தூள், ஒரு சிட்டிகை உப்புச் சேர்த்து நடுத்தரத் தீயில் கொதிக்கவிடுங்கள். அலுமினியப் பாத்திரமும் இரும்புச் சட்டியும் இதற்கு ஆகா. புளி அவற்றை அரித்துப் பாகில் ஒரு துருச் சுவையை ஏற்றிவிடும். மண்சட்டி இருந்தால் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

பதம் பார்ப்பதில்தான் முழு வெற்றியும் இருக்கிறது. அதிரசத்துக்கோ கடலை உருண்டைக்கோ பாகு வைத்துப் பழகியவர்கள் இங்கே தவறிவிடுவார்கள். கம்பிப் பதம் வரும்வரை காத்திருக்கக் கூடாது. முதலில் சிறு நுரையாகப் பொங்கும். பிறகு குமிழ்கள் பெரிதாகி, மெதுவாக உடையத் தொடங்கும். அப்போது கரண்டியின் முதுகில் எடுத்து விரலால் ஒரு கோடு இழுத்தால், கோடு மூடாமல் நிற்க வேண்டும். புதுத் தேனைப்போல் ஒழுகும் அந்த நிலையில் இறக்குங்கள். ஆறும்போது அது தானாகவே இன்னும் கெட்டியாகும். அடுப்பிலேயே கெட்டியாக்கினால், மீன்மேல் ஊற்றியவுடன் கமர்கட்டாக இறுகி, பல்லில் ஒட்டும். கை தவறி இறுகிவிட்டால் இரண்டு கரண்டி வெந்நீர் விட்டு இளக்கிக்கொள்ளலாம், பதற வேண்டியதில்லை.

இனி மீன். தோசைக்கல்லை நன்கு காயவைத்து நல்லெண்ணெய் விடுங்கள். எண்ணெய் மினுமினுக்கத் தொடங்கியதும் மீனைத் தோல்பக்கம் கீழே இருக்கும்படி வைத்து, முதல் அரை நிமிடம் தோசைத் திருப்பியால் லேசாக அழுத்திப் பிடியுங்கள். இல்லையேல் தோல் சுருங்கித் துண்டு வளைந்துவிடும். நடுத்தரத் தீயில் நான்கு நிமிடம் அசைக்காமல் விடுங்கள். தோல் சிவந்தால் கல்லை விட்டுத் தானே கழன்று வரும். வரவில்லையென்றால் இன்னும் நேரம் ஆகவில்லை என்று அறிக. திருப்பிப் போட்டு இரண்டு நிமிடம். தடித்த இடத்தில் சதையைச் சற்று விலக்கிப் பாருங்கள். கண்ணாடி போன்ற நிறம் மாறி, பால்வெள்ளையாகி, இதழ் இதழாகப் பிரிந்தால் வெந்துவிட்டது.

இப்போது அடுப்பை அணைத்துவிட்டுப் பாகை ஊற்றுங்கள். ஆம், அணைத்த பின்புதான். நான் முதல்முறை செய்தபோது, மீனும் பாகும் சேர்ந்தே வேகட்டும் என்று தொடக்கத்திலேயே ஊற்றினேன். இரண்டு நிமிடத்தில் கல் முழுவதும் கரியும் புகையும். மீன் உள்ளே பச்சை. அன்றைக்கு வீட்டில் எல்லாரும் ரசம் சோறு சாப்பிட்டோம். வெல்லத்தில் வெறும் சர்க்கரையோடு குளுக்கோஸ், பிரக்டோஸ் ஆகியவையும் கலந்திருக்கின்றன. இவை வெள்ளைச் சர்க்கரையைவிடக் குறைந்த சூட்டிலேயே நிறம் மாறிக் கருகும் இயல்புடையவை. காய்ந்த தோசைக்கல்லின் சூடு அதற்குமேல் வெகு அதிகம். ஆகவே மீன் முதலில் முழுவதும் வெந்துவிட வேண்டும். கல்லில் மிஞ்சியுள்ள சூடு பாகைப் பூசி ஒட்டவைக்க மட்டுமே.

பாகு ஓரத்தில் நுரைத்து எழும்போது, கரண்டியால் அள்ளி அள்ளி மீன்மேல் விடுங்கள். ஒரு நிமிடத்தில் மீன் செம்பு நிறத்தில் பளபளக்கும். மிளகுத் தூளையும் கறிவேப்பிலையையும் தூவி உடனே தட்டுக்கு மாற்றுங்கள். இரும்புக் கல்லில் புளிப்பாகை நெடுநேரம் விட்டுவைத்தால், பல மாதம் பழக்கிய கல்லின் பசை போய், மறுநாள் தோசை ஒட்டும். மீனை எடுத்தவுடன் கல்லில் தண்ணீர் விட்டுக் கழுவித் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவி வைத்துவிடுங்கள்.

ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும். பண்ணையில் வளர்த்த சால்மனின் சதையில் நூறு கிராமுக்கு 12, 13 கிராம் அளவில் கொழுப்பு இருப்பதால், ஒரு நிமிடம் கூடுதலாக வெந்தாலும் அது வறளாது. ரோகுவில் பொதுவாக 2, 3 கிராம்தான் கொழுப்பு. இதயத்துக்கு நல்லதென்று சொல்லப்படும் ஒமேகா-3 கொழுப்பும் அதனால் குறைவே. அதற்கு மத்தியும் கானாங்கெளுத்தியும் வாங்க வேண்டும். ஆனால் புரதம் நூறு கிராமுக்கு ஏறக்குறைய 17 கிராம் இருப்பதால் அதில் குறைவில்லை. கொழுப்பு குறைந்த சதை என்பதால் நேரத்தில் கண்டிப்பு வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துச் செய்யுங்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் வெல்லம் சர்க்கரையன்று என்று ஆறுதல் கொள்ளக் கூடாது. இரத்தத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே வேலையைத்தான் செய்கின்றன. மேலே சொன்ன அளவில் ஒருவர் பங்குக்கு 10 கிராம் வெல்லம் வருகிறது. அவர்களுக்குரிய துண்டைப் பாகு ஊற்றும் முன்பே தனியே எடுத்து, எலுமிச்சைச் சாறும் மிளகும் தூவிக் கொடுத்துவிடலாம். இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு மீனில் தடவும் உப்பையும் குறைத்துக்கொள்க.

இதனுடன் வெறும் சோறும், மிளகு ரசமும், ஒரு கீரைப் பொரியலும் போதும். இனிப்பும் புளிப்பும் இதிலேயே இருப்பதால் குழம்பு தேவைப்படாது. சப்பாத்திக்குள் வைத்துச் சுருட்டி, வெங்காயம் நறுக்கிப் போட்டுக் கொடுத்தால் பிள்ளைகள் விரும்புவார்கள்.

மிஞ்சிய துண்டுகளை ஆறியவுடன் மூடிக் குளிர்பெட்டியில் வைத்து, மறுநாள் காலைக்குள் தீர்த்துவிடுங்கள். அவற்றைக் கல்லில் மறுபடி சுடவைத்தால் பாகு கருகும்; இட்லிப் பானை ஆவியில் மூன்று, நான்கு நிமிடம் வைத்து நன்றாகச் சூடாக்கிப் பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளலாம்.